சாப்பாட்டுக் கடையில் நாய்க்கு இடமுண்டா?

வவுனியாவிலிருந்து வடக்கு நோக்கிச் சென்ற பஸ் வண்டி, கண்டி வீதியோரத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் முன் நின்றது. கடையின் பெயரும் இடத்தின் பெயரும் ஈண்டு வேண்டியதில்லை. வன்னியின் வீதிகளிலே அத்தகைய கடைகள் பல. முன்னே ஒரு தகரப் பந்தல். உள்ளே நாலைந்து மேசைகளும் நீண்ட வாங்குகளும். வாசலிலே வடையும் ரோல்சும் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி. மேசைகளுக்கடியில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன. வாசற்படியில் இன்னொன்று நின்றது. வண்டி நின்ற ஓசை கேட்டதும் மூன்றும் எழுந்து வாலையாட்டின. பயணிகளை முதலில் வரவேற்றவை அவைதாம். கடை முதலாளி அதன் பின்னரே வந்தார்.

எனக்கு எதிரே ஒரு தாயும், ஏழு வயது மதிக்கத்தக்க சிறுமியும் அமர்ந்திருந்தனர். சிறுமி தன் ரொட்டியில் ஒரு துண்டைக் கிள்ளி மேசைக்கடியில் நீட்டினாள். ஒரு நாய் அதனை மெதுவாக வாங்கிக்கொண்டது. சிறுமிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அடுத்த துண்டை நீட்டியபோது இரண்டு நாய்களும் ஒருங்கே பாய்ந்தன. ஓர் உறுமல், உடனே குழந்தையின் அலறல். சிறுமியின் சுட்டுவிரலில் மெல்லிய கீறல் ஒன்று. அதிலே ஊசிமுனையளவு இரத்தம்.

“சும்மா கீறல்தானே, மாறிவிடும்,” என்று தாய் சேலைத் தலைப்பால் விரலைத் துடைத்தார்.

பக்கத்து மேசையிலிருந்த முதியவர் ஒருவர் கைகூடக் கழுவாமல் எழுந்து வந்தார். “பிள்ளை, கீறலோ கடியோ, முதலிலை சவர்க்காரம் போட்டுக் கழுவு. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்,” என்றார். முதலாளி சவர்க்காரம் கொண்டு வந்தார். முதியவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறே நின்று, ஓடும் நீரில் முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவச் செய்தார். சாரதி இருமுறை ஹோர்ன் அடித்தார். முதியவர் திரும்பியும் பார்த்தாரில்லை. தாயும் மகளும் அடுத்த வைத்தியசாலையின் வாசலில் இறங்கிக்கொண்டனர்.

அதன் பின் வண்டியில் மூண்ட வாதம் ஆனையிறவு வரை ஓயவில்லை. “கடைக்குள்ளே நாயை விட்டவனுக்கல்லவோ தண்டம் போட வேண்டும்! அவ்வளவையும் பிடித்துக் கொன்றுவிட வேண்டும்,” என்றார் ஒருவர். “வைரவரின் வாகனமல்லவா? வாயில்லாச் சீவனுக்கு ஒரு பிடி சோறு போடுவது பாவமா?” என்றார் ஓர் அம்மையார். இருவரும் தத்தம் வரையில் நியாயமே பேசினர். ஆயினும் இருவரும் பேசாது விட்டது ஒன்று உண்டு. அந்த நாய் யாருடையது? அதற்குத் தடுப்பூசி போட வேண்டியவர் யார்? சாப்பாட்டுக் கடையில் நாய்க்கு இடமுண்டா என்னும் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பிற நாடுகளின் வழக்கம்

இக்கேள்வி மேனாடுகளிலும் எழுந்துள்ளது; ஆனால் வேறு கோலத்தில். பிரான்சு தேசத்துக் கோப்பிக் கடைகளிலே எசமானின் காலடியில் நாய் படுத்திருப்பது நெடுங்கால வழக்கம். அமெரிக்காவில் நாயை உணவகத்துக்குள் அனுமதிப்பது பொதுவாகத் தடுக்கப்பட்டிருந்தது. 2006 ஆம் ஆண்டிலே புளோரிடா மாநிலம், உள்ளூர்ச் சபைகள் இணங்கினால் உணவகத்தின் வெளிமுற்றத்தில் மட்டும் நாய்கள் இருக்கலாமெனச் சட்டஞ் செய்தது. கலிபோர்னியாவிலும் 2015 ஆம் ஆண்டு முதல் வெளிமுற்றத்தில் இடங் கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகள், உணவு ஆக்குமிடத்துக்கும் சேமிக்குமிடத்துக்கும் வளர்ப்பு விலங்குகள் புகாதவாறு தடுக்க வேண்டுமென்கின்றன.

இவ்விதிகள் யாவும் ஒன்றை முற்கோளாகக் கொண்டவை. அந்நாய்க்கு ஓர் எசமான் உண்டு; கழுத்திலே பட்டியுண்டு; பட்டியின் மறுமுனை ஒருவர் கையில் உண்டு. நாய் எவரையேனும் கடித்தால் விடை சொல்ல ஓர் ஆளுண்டு. நம் வீதிகளிலோ நிலை வேறு. கடைக்கு வருபவர் எவரும் நாயை அழைத்து வருவதில்லை. அவர் வருமுன்னரே அது அங்கு இருக்கிறது. ‘கட்டாக்காலி’ என்று நாம் வழங்கும் சொல்லே அதன் வரலாற்றைக் கூறிவிடுகிறது. கட்டிவைப்பார் இல்லாதது எதுவோ அதுவே கட்டாக்காலி. ஆகவே மேனாட்டு விதியை அப்படியே பெயர்த்து வந்து நம் வாசலில் நாட்டுவதால் பயனில்லை.

வன்னியின் நாய்

வன்னியிலே நாய் விளையாட்டுப் பொருளாக வளர்க்கப்பட்டதன்று. அது ஓர் உழைப்பாளி. வயற்காவலுக்குப் போகிறவனின் பின்னே அதுவும் போகும். காவற்கொட்டிலின் கீழே படுத்து, பன்றி புகுந்தாலும் யானை வந்தாலும் முதலில் குரல் கொடுக்கும். பட்டி மாடுகளுக்கு அதுவே காவல். காடும் குளமும் வயலும் அடுத்தடுத்துள்ள நாட்டிலே, இருட்டில் வருவது யாதென்று மனிதனுக்குமுன் அறிவது நாயின் மூக்கேயாகும்.

போரின் இறுதிக் காலத்திலே இலட்சக் கணக்கான மக்கள் கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் இடம்பெயர்ந்தனர். 2009 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவர்களுட் பெரும்பாலோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்தனர். உழவு இயந்திரத்திலே பாயும் சட்டியும் நெல்மூட்டையும் ஏறின, நாய்க்கு இடமிருக்கவில்லை. சில தூரம் வண்டியின் பின்னே ஓடிவந்து, பின்னர் நின்றுவிட்ட நாயைப் பற்றி இன்றும் கண்கலங்கிச் சொல்வோரை நான் அறிவேன். 2012 ஆம் ஆண்டு செப்தெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. மீண்டு வந்தோர், கூரையில்லா வீடுகளையும் கண்ணிவெடிக் காணிகளையும், ஆளையறியாது அலைந்த நாய்களையும் கண்டனர். அக்கண்ணிவெடிகளை அகற்றும் பணியிலே மோப்ப நாய்களும் பயன்பட்டன என்பதை மறத்தலாகாது. நாம் மீளக் காலூன்றிய நிலத்திற் சிறிதளவேனும், நாய் முதலிற் காலூன்றிக் காட்டிய நிலமாகும்.

வீதி மீண்டும் உயிர்பெற்றது, கடைகள் எழுந்தன, கடை எழுந்த இடத்தில் நாய்களும் சேர்ந்தன. மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே முறிகண்டிப் பிள்ளையார் வாசலில் வண்டியை நிறுத்தாமற் செல்லும் சாரதி அரிது. பயணிகள் கும்பிட்டுக் கச்சான் வாங்கிச் சுவைக்கும் நேரத்தில் அவர்களின் கையையே பார்த்துக்கொண்டு நாலு நாய்கள் நிற்கும். அவற்றின் கண்ணைப் பார்த்தபின் ஒரு கச்சானையேனும் எறியாமல் வண்டியேற மனம் வருவதில்லை.

ஆனால் இரக்கம் வேறு, பொறுப்பு வேறு. நம்மிடையே முன்னது நிரம்ப உண்டு, பின்னதுதான் குறைவு. வைரவர் கோயிலிலே சிலையாக நிற்கும் நாய்க்குப் பூவைக்கிறோம். உயிரோடு வாசலுக்கு வரும் நாய்க்குக் கல்லெடுக்கிறோம். குட்டியாயிருக்கையில் கொஞ்சுகிறோம், பெண் குட்டியென்றால் உரப்பையிற் கட்டிச் சந்தையடியிலோ கடையடியிலோ இரவோடிரவாக விட்டுவருகிறோம். சாப்பாட்டுக் கடையின் நாய்களுட் பல நம் வீட்டு முற்றங்களிலிருந்து போனவையே.

கீறலின் பின்னே நிற்பது

முதியவர் ஒரு சிறு கீறலுக்காக ஏன் பஸ் வண்டியையே மறித்து வைத்தார்? விசர்நாய்க்கடி நோய் எத்தகையதென்பதை அவர் அறிந்திருந்தார். அந்நோயின் கிருமி நாயின் உமிழ்நீரிலே உள்ளது. கடியினால் மட்டுமன்றிக் கீறலினாலும், புண்ணின்மேல் நக்குவதாலும் அது உடலுட் புகலாம். புகுந்தபின் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் எவ்விதக் குறியும் காட்டாது நரம்புவழியே மூளையை நோக்கிச் செல்லும். குறிகள் தோன்றிவிட்டாலோ, மீட்பு ஏறத்தாழ இல்லையென்றே சொல்லலாம். ஆனால் அதற்குமுன் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, காலந் தாழ்த்தாது தடுப்பூசி ஏற்றிக்கொண்டால் உயிர் காக்கப்படும். 1885 ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், விசர்நாயினாற் கடியுண்ட ஒன்பது வயதுச் சிறுவனொருவனுக்குத் தம் தடுப்பு மருந்தை ஏற்றிக் காத்த நாள் முதல் இந்த வழி திறந்தே இருக்கிறது.

இருந்தும், உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மடிகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மனிதருக்கு இந்நோய் தொற்றும் நிகழ்ச்சிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயினால் நேர்வன. ஐயத்துக்குரிய விலங்குகளாற் கடியுண்போரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்கள். இதன் காரணத்தை அந்த மேசையடியிலேயே கண்டேன். குழந்தையின் கையும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் உள்ளன.

நம் நாட்டின் கதையில் ஆறுதலும் உண்டு. 1973 ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோயால் இறந்தோர் 377 பேர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை சில பத்துகளாகக் குறைந்துள்ளது. நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியதும், கடியுண்டோருக்கு அரசினர் வைத்தியசாலைகளில் இலவசமாக மருந்தேற்றியதுமே இதற்குக் காரணம். எனினும் எஞ்சிய அந்தச் சில பத்துப் பேரில் ஒருவர் நம் பிள்ளையாக இருக்கக்கூடும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

கொன்றால் தீருமா?

நாய்களைக் கொன்றுவிடலாமே என்பது பழைய வழி. 1893 ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடி நோய்ச் சட்டமும், 1901 ஆம் ஆண்டின் நாய்ப்பதிவுச் சட்டமும் ஆங்கிலேயர் காலத்தவை. கட்டாக்காலிகளைப் பிடித்துக் கொல்வது நெடுங்காலம் நடந்தது. 2006 ஆம் ஆண்டிலே அரசு அவ்வழக்கத்தை நிறுத்திற்று. அது வெறும் ஜீவகாருண்யத்தால் எழுந்த முடிபென்று எண்ணலாகாது. கொலையினாற் பயனும் குறைவு. சாப்பாட்டுக் கடையின் வாசல் நாய்க்கு ஒரு காணி போன்றது. அங்கே எச்சில் வாளி இருக்கும்வரை, இன்று நாலு நாயைக் கொன்றால் நாளை வேறு நாலு நாய் அக்காணிக்கு உரிமை கொண்டாட வரும். போனவற்றில் ஒன்றிரண்டுக்கேனும் ஊசி போடப்பட்டிருக்கலாம். வருபவை எவையென யாரறிவார்? ஒரு பகுதியின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி ஏற்றினால் நோயின் சங்கிலி அறும் என்பது வைத்திய நிபுணர் கண்ட உண்மை. ஊசி பெற்று, கருத்தடையும் செய்யப்பட்டு ஓரிடத்தில் நிலைத்திருக்கும் நாய், வேறு நாய்களை அவ்விடத்தில் அண்டவிடாது. ஆகவே அது நமக்கே ஒரு காவல்.

அயல்நாடான இந்தியாவிலும் இவ்வழக்கு அண்மையில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2025 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11 ஆம் திகதி, தில்லித் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு இரு நீதிபதிகள் கட்டளையிட்டனர். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதே மாதம் 22 ஆம் திகதி மூன்று நீதிபதிகள் அதனைத் திருத்தினர். கருத்தடை செய்து ஊசி போட்டபின், விசர்நோய் ஐயமோ மூர்க்கக் குணமோ இல்லாத நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம். ஆனால் கண்ட கண்ட தெருவிலெல்லாம் உணவிடலாகாது, அதற்கென இடங்களைக் குறித்தல் வேண்டும் என்றனர். நவம்பர் மாதத்திலோ பாடசாலை, வைத்தியசாலை, பஸ் நிலையம், புகையிரத நிலையம் முதலிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும், அவற்றை அங்கே மீள விடாதிருக்கவும் பணித்தனர். உணவிடுவது குற்றமன்று, இடமறிந்து உணவிடுதல் வேண்டும் என்பதே அத்தீர்ப்புகளிலிருந்து நாம் கொள்ளத்தக்கது.

முற்றத்து நியாயம்

இடமறிதல் என்பது நமக்குப் புதிதன்று. நம் பாட்டிமார் நடத்திய வீடுகளை எண்ணிப் பாருங்கள். நாய்க்கு முற்றம் உண்டு, அடுக்களை இல்லை. வீட்டார் அனைவரும் உண்டபின், வேலியோரத்தில் அதற்கென வைத்த சட்டியிலே சோறு விழும். உண்ணும்போது பந்தியருகே வந்தால் ஓர் அதட்டல்; அது விலகிப் படுத்துக்கொள்ளும். “நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாற்போல” என்று பழமொழி சொன்னவர்கள், அதே நாய்க்கு ஒரு வேளையும் சோறு தப்பவிட்டதில்லை. நடுவீடும் இல்லை, நடுத்தெருவும் இல்லை, முற்றம். இம்முற்றத்து நியாயத்தைச் சாப்பாட்டுக் கடைக்கும் கொண்டு செல்லலாமென்பதே என் துணிபு.

முதலாவது, சமைக்குமிடத்திலும் உண்ணும் மண்டபத்திலும் நாய் இருத்தலாகாது. மேசைக்கும் வாசலுக்கும் இடையே ஓர் இடுப்பளவுப் படலையே இதற்குப் போதும். இரண்டாவது, எச்சில் வாளிக்கு இறுக்கமான மூடி வேண்டும். நாயைக் கடைக்குள் அழைப்பது அதன் துணிவன்று. நம் திறந்த வாளி. மூன்றாவது, மிச்சச் சோற்றைக் கடையின் பின்புறத்திலே, குறித்த நேரத்தில், குறித்த சட்டியில் இடுதல் வேண்டும். நேரமும் இடமும் அறிந்த நாய், பயணியின் கையைப் பார்த்து நில்லாது. நான்காவது, அவ்வாறு சோறு பெறும் நாயைக் கடை முதலாளி தம் நாயென்றே ஏற்றல் வேண்டும். மிருக வைத்தியரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஊசி முகாம் நடத்தும் நாளில் அதனைப் பிடித்துக்கொடுத்து, அதன் கழுத்தில் ஒரு பட்டியைக் கட்டிவிட வேண்டும். அந்தப் பட்டியே அது கட்டாக்காலியன்று என்பதற்குச் சாட்சி. ஐந்தாவது, பயணிகளாகிய நமக்குரியது: மேசையடியில் எதையும் நீட்டாதிருத்தல், குழந்தைகளுக்கும் அதனைச் சொல்லிக்கொடுத்தல்.

இவ்வளவும் ஒரு கடை முதலாளியால் ஆகுமா என்று கேட்பீர்கள். இயக்கச்சியிலே சிவபூமி அறக்கட்டளையினர் கைவிடப்பட்ட நாய்களுக்கெனச் சரணாலயம் அமைத்துக் காட்டினர். நூற்றுக்கணக்கில் நாய்களைக் காப்பதற்கு ஓர் அறக்கட்டளை வேண்டும்; மூன்று நாய்களைக் காப்பதற்கு ஒரு நல்ல மனமும் ஒரு சட்டியும் போதும்.

ஒரே ஒரு விலக்கு

உண்ணும் மண்டபத்துக்குள் எந்த நாயும் வேண்டாமென்றேன். அதற்கு ஒரு விலக்குண்டு. முதலாம் உலகப் போரிலே கண்ணிழந்த வீரர்களுக்கு வழிகாட்ட, 1916 ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஒல்டன்பேர்க் நகரில் நாய்களைப் பயிற்றும் பள்ளியொன்று தொடங்கப்பட்டது. 1928 ஆம் ஆண்டிலே மொறிஸ் பிராங் என்னும் கண்பார்வையற்ற அமெரிக்க இளைஞர், ‘படி’ என்னும் நாயுடன் சுவிற்சர்லாந்திலிருந்து தாயகம் திரும்பினார். நாயுடன் தாம் எங்கும் செல்லும் உரிமைக்காக அவர் வாழ்நாளெல்லாம் வாதாடினார். 1990 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமும், 2010 ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டமும் அத்தகைய நாயை உணவகத்திலிருந்து விலக்குவதைத் தடுக்கின்றன. அங்கே நாய் விருந்தினரன்று, விருந்தினரின் கண்.

போரிலே கண்ணிழந்தோர் பலர் வாழும் மண் இது. வெள்ளைப் பிரம்பே அவர்களுக்கு இன்று துணை. நாளை அவர்களுள் ஒருவர் நாயின் துணையோடு கடை வாசலுக்கு வருவாராயின், ‘நாய்க்கு இடமில்லை’ என்னும் பலகையைக் காட்டி நாம் மறிப்பது நாயையன்று, அவரையே. வாசலில் மனிதரை மறித்த பழி வடபுலத்துக்கு முன்னரே உண்டு. சாதியின் பெயரால் தேநீர்க்கடைகளில் மனிதரை வெளியே நிறுத்தித் தனிக்குவளையில் ஊற்றிக்கொடுத்தார்கள். 1957 ஆம் ஆண்டிலே சட்டம் அதனைக் குற்றமாக்கியது. அதன் பின்னரும் 1960களிலே உள்ளே நுழைவதற்குப் போராட வேண்டியிருந்தது. நாய் எச்சாதி வீட்டினதென்று எவரும் கேட்டதில்லை, மனிதரையே கேட்டார்கள். வாசற்படியில் எவரை நிறுத்துகிறோம், ஏன் நிறுத்துகிறோம் என்பதை அன்று எண்ணாதிருந்தோம். இன்றேனும் எண்ணுதல் வேண்டும்.

மகாபாரதத்தின் முடிவிலே தருமபுத்திரன் தன்னைத் தொடர்ந்து வந்த நாயுடன் சுவர்க்க வாசலில் நிற்கிறான். நாய்க்கு இங்கே இடமில்லை என்கிறான் இந்திரன். நாயை உள்ளே விடு என்று கேட்டதோடு தருமன் அமையவில்லை. அதனைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் தனக்கு வேண்டாமென்று தானும் வெளியே நிற்க ஆயத்தமானான். நாய்க்காகப் பரிந்து பேசுவோர் பலர்; அதற்காக ஏதேனும் ஒன்றை இழக்க ஆயத்தமானவரே அதற்கு உரியவர்.

நிற்க. அந்தச் சிறுமியின் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். மூன்று மாதங்களின் பின் அதே கடையில் வண்டி நின்றது. முதலாளியிடம் விசாரித்தேன். தாய் மறுநாளே தொலைபேசியில் அழைத்து, நாயை விட்டுவிடாமற் பார்த்துக்கொள்ளும்படி வைத்தியர் சொன்னதாகக் கூறினாராம். முதலாளி இரண்டு வாரம் இரு நாய்களையும் பின்வளவு வேப்பமரத்திற் கட்டிவைத்துச் சோறு போட்டார். ஒன்றுக்கும் ஒன்றும் நேரவில்லை. சிறுமியும் எல்லா ஊசிகளையும் போட்டு முடித்துச் சுகமாயிருக்கிறாள்.

“பதினாலு நாள் கட்டி வைத்துச் சோறு போட்ட பிறகு, இனி அதை எப்படி ஐயா என்ரை நாய் இல்லை எண்டு சொல்லுறது?” என்றார் அவர்.

எட்டிப் பார்த்தேன். மேசையடியில் ஒன்றுமில்லை. வேப்பமரத்து நிழலிலே கழுத்திற் சிவப்புப் பட்டியுடன் மூன்று நாய்கள் படுத்திருந்தன. வண்டியின் ஓசை கேட்டு ஒன்று தலையை நிமிர்த்திற்று. எங்களைப் பார்த்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டது. அதன் சோற்றுக்கு இன்னும் நேரமாகவில்லை போலும்.